முத்தாரம்மாளின் வராந்தா

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பெயர் தாணு. திருவனந்தபுரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆபீஸ் அட்டெண்டண்டாக இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. அதில் பதினாறு வருடம் ஊழியர் சங்கத்தின் யூனிட் செக்ரட்டரி. மேலதிகாரி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். யாருக்கு என்ன பிரச்சினை என்றாலும், "நீங்க மிண்டாண்டாம், நான் பேசிக்கிடுதேன்" என்பேன். வாயைத் திறக்க வேண்டாம் என்று அர்த்தம். எங்கள் தமிழில் பாதி மலையாளம்தான்.

சங்கத்தின் ஆண்டு மலருக்கு 'நம்மில் ஒருவர்' என்ற தலைப்பில் ஒரு பக்கம் கேட்டார்கள். நான் முத்தாரம்மாளைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். கடின உழைப்பாளி, எளிமையானவர், எல்லோரிடமும் அன்பாகப் பழகுகிறவர், அப்படி இப்படி என்று பக்கத்தை நிறைத்திருந்தேன். அச்சாகி வந்ததைப் படித்துவிட்டு மலரை மூடி வைத்தேன். அதில் வராந்தாவைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதனால்தான் இப்போது மறுபடி உட்கார்ந்து எழுதுகிறேன்.

முத்தாரம்மாள் எங்கள் பழைய கட்டடத்தில் பார்ட் டைம் ஸ்வீப்பர். வயது ஐம்பத்திரண்டு. காலை ஆறு மணிக்கு வந்து பத்து மணிக்குப் போய்விடுவார். பிறந்தது போனக்காட்டில், தேயிலைத் தோட்டத்து லயத்தில். மலையில் வேலை குறைந்து, லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வந்தபோது, கணவர் உச்சிமாகாளியோடு கீழே இறங்கிவிட்டார். அவருக்குச் சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்கும் வேலை. முழங்கால் போய் இப்போது வீட்டில் இருக்கிறார். இவருக்கு முப்பதாவது வயதில் எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சு வழியாக இந்த வேலை கிடைத்தது.

தோட்டத்தில் ஆளுக்கு ஒரு நிரை கொடுப்பார்களாம். நிரை என்றால் தேயிலைச் செடிகளின் ஒரு வரிசை. பக்கத்து நிரைக்காரி பின்தங்கினால், முன்னால் முடித்தவள் அந்த நிரையில் புகுந்து நாலு பிடி கிள்ளி அவள் கூடையிலேயே போட்டுவிட்டுப் போவாள். யாரும் யாரையும் கேட்பதில்லை, நன்றி சொல்வதும் இல்லை. "நாளைக்கி நான் பிந்துவேன்லா அண்ணாச்சி, அப்ப அவ வருவா" என்று முத்தாரம்மாள் ஒரு தடவை என்னிடம் சொன்னார். அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கேயும் கொண்டுவந்துவிட்டார். கட்டடத்தின் பின்பகுதியைப் பெருக்குகிற சபீனாவுக்கு ஒரு நாள் பஸ் தவறினால், அவள் வந்து சேரும்போது பாதி அறைகள் சுத்தமாக இருக்கும். சபீனா தக்கலைக்காரி, முப்பத்தெட்டு வயது, இரண்டு பெண் குழந்தைகளைத் தனியாக வளர்க்கிறாள். வேலையில் சேர்ந்து பதினொரு வருடம் ஆகிறது. அவளும் அக்கா அக்கா என்று முத்தாரம்மாளின் பின்னாலேயே நடப்பாள்.

கட்டடத்தின் முன்பக்கம் முழுக்க ஒரு வராந்தா. எதிரே பெரிய தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. ராத்திரியெல்லாம் இலையும் பூவும் கொட்டி, காலையில் பார்த்தால் தரை தெரியாது. முத்தாரம்மாள் தன் வேலையை அங்கேதான் தொடங்குவார். செருப்பைப் படியடியில் கழற்றிவிட்டு, மேற்கு மூலையிலிருந்து பின்னோக்கி நடந்தபடியே பெருக்கிக்கொண்டு வருவார், தன் காலடித் தடம்கூட விழாது. ஒரு மழைக்காலத்தில், டீன் ஒருவர் சேற்றுக் காலோடு ஏறிவிட்டார். "சாறே, ஒண்ணு எறங்கி காலத் தொடச்சிட்டு வாங்க" என்றார் முத்தாரம்மாள். டீன் இறங்கிப்போய்த் துடைத்துவிட்டு வந்தார். இதை நான் குறைந்தது ஐம்பது பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

பார்ட் டைம் வேலையில் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் அதில் சீனியாரிட்டி வரிசை ஒன்று உண்டு. முழுநேர அட்டெண்டண்ட் யாராவது ஓய்வுபெற்றால், வரிசையில் முதலில் நிற்கும் பார்ட் டைம் ஆளுக்கு அந்த வேலை. முழுநேரம் என்றால் முழுச் சம்பளம், லீவு, முக்கியமாக வயதான காலத்தில் பென்ஷன். முத்தாரம்மாள் இருபத்திரண்டு வருடம் காத்திருந்து வரிசையின் தலைக்கு வந்திருந்தார். இந்த ஜூனில் ஓர் ஒழிவு, அதாவது காலியிடம், வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காகச் சாலைக் கடைத்தெருவில் இரண்டு காட்டன் சேலை எடுத்து வைத்திருந்தார். "ஆபீசுக்குள்ள இருக்கணும்லா, நைலக்ஸ் கெட்டிட்டுப் போனா சரியாவுமா" என்று என்னிடம் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தாலும், ஒருமாதிரி சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜனவரியில், பல்கலைக்கழகம் அமைத்த புனரமைப்புக் கமிட்டியின் வரைவு அறிக்கை வந்தது. எண்பத்து நான்கு பக்கம். அட்டெண்டண்ட், ஸ்வீப்பர், தோட்டக்காரர், வாட்ச்மேன் என்று எங்களை மாதிரி ஆட்களைப் பற்றித்தான் முழுக்க. ஒருவர் நான்கு வேலை பார்க்க வேண்டும், வேலை குறைவான இடங்களைக் கான்ட்ராக்ட் ஏஜென்சிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அதில் இருந்தது. ஸ்வீப்பர்களுக்கு ஓர் அளவு வைத்திருந்தார்கள். ஒருவர் பெருக்கும் இடம் நானூறு சதுர மீட்டருக்குக் குறைந்தால் அந்தப் பதவி இல்லை, ஏஜென்சிதான்.

நாங்கள் நிர்வாகக் கட்டடத்தின் முன்னால் தர்ணா இருந்தோம். தொண்டை கட்டும்வரை கத்தினேன். அன்று சாயங்காலமே சங்கத்தின் மாநிலக் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது. அளவெடுக்க வந்தால் ஒத்துழைக்கக் கூடாது, எந்த யூனிட்டும் ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதிக் கொடுக்கக் கூடாது. எழுதிக் கொடுத்தால் அதையே நமக்கு எதிராகத் திருப்புவார்கள் என்றார்கள். எல்லோரோடும் சேர்ந்து நானும் கையைத் தூக்கினேன்.

பத்து நாள் கழித்து எங்களுக்குப் பக்கத்துக் கட்டடத்தை, ஆட்கள் ஒத்துழைக்காததால், பழைய பிளானை வைத்தே அளந்துவிட்டார்கள். படிக்கட்டும் நடைபாதையும் கணக்கில் வராமல் மூன்று பெண்கள் நானூறுக்குக் கீழே போனார்கள். தீர்மானமாவது மண்ணாவது, என் யூனிட்டில் ஒருத்தியைக்கூடத் தொட விடமாட்டேன் என்று நினைத்தேன். அங்கேதான் என் புத்தி வேலை செய்யத் தொடங்கியது.

எங்கள் கட்டடத்துக்கு அளவெடுக்க வந்தது மாளவிகா என்ற அசிஸ்டெண்ட் எஞ்சினீயர். சின்ன வயதுப் பெண், மரியாதையாகப் பேசினாள். கையில் செல்போன் அளவுக்கு ஒரு கருவி. அழுத்தினால் எதிர்ச்சுவரில் சிவப்பாக ஒரு புள்ளி விழும், தூரம் தெரிந்துவிடும். முத்தாரம்மாள் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு கூட நடந்தார். வராந்தாவுக்கு வந்ததும், "இதுக்கு மிஷின் வேண்டாம் மோளே, எண்ணூறு வீச்சு உண்டு" என்றார். வாரியலை எண்ணூறு தடவை வீச வேண்டும் என்று அர்த்தம். மாளவிகா சிரித்துக்கொண்டே அளந்தாள். முப்பத்திரண்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம். நூற்று இருபத்தெட்டு சதுர மீட்டர்.

மொத்தத்தில் முத்தாரம்மாளுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு, சபீனாவுக்கு முந்நூற்று முப்பத்தெட்டு. நான் அங்கே நின்றபடியே மனக்கணக்குப் போட்டேன். வராந்தாவை இவரிடமிருந்து எடுத்து அவள் பெயரில் வைத்தால் இருவரும் நானூறைத் தாண்டிவிடுவார்கள். இவ்வளவு சுலபமான விஷயம் கமிட்டிக்குத் தோன்றவில்லையே, எனக்குத் தோன்றிவிட்டதே என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை.

முத்தாரம்மாளிடம் கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை. "எழுதிக்கிடுங்க அண்ணாச்சி. ஒரு வராந்தாதானே. பேருதானே மாறுது" என்றார். சபீனா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வராந்தா சபீனாவின் இடம் என்று எழுதிய கடிதத்தை எஸ்டாப்ளிஷ்மெண்ட் செக்ஷனில் கொடுப்பதற்கு முன்னால், அங்கே செக்ஷன் ஆபீசராக இருக்கும் ஷாஜியிடம் காட்டினேன். நல்ல மனுஷன், என்னோடு எத்தனையோ வருடம் சாயா குடித்தவன். படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "தாணு அண்ணா, அளவெடுத்த மறுநாள் வராந்தா கை மாறினால் யார் நம்புவார்கள்? இதை ஃபைலில்கூட வைக்க மாட்டார்கள். கொஞ்ச வருடமாகவே சபீனாதான் பெருக்குகிறாள் என்று ஒரு வரி சேருங்கள்" என்றான். அதுவும் சரிதான் என்று பட்டது. 'கடந்த ஆறு வருடமாக மேற்படி வராந்தாவைச் சுத்தம் செய்துவருவது சபீனாவே ஆகும்' என்று மலையாளத்தில் நல்ல கையெழுத்தில் சேர்த்தேன்.

முத்தாரம்மாளுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. லயத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ்தான் படித்தவர். அதனால் நான் கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன். வேண்டுமென்று மறைக்கவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் பாஷை, இதைப்போய் வாசிப்பானேன் என்றுதான் விட்டேன். ஆனால் உள்ளே எங்கேயோ, வாசித்தால் இவர் ஒப்புப் போட மாட்டார் என்றும் தெரிந்திருந்தது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் கீழே செக்ரட்டரி என்று போட்டு சீல் குத்தினேன். பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி.

உத்தரவு ஏப்ரல் கடைசியில் வந்தது. கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். யூனிட் வாட்ஸப் குழுவில் யாரோ பி.டி.எஃப். போட்டார்கள். இடது கையால் தள்ளித் தள்ளிப் படித்தேன். எங்கள் கட்டடத்தில் இரண்டு பதவியும் தொடரும் என்று இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று பக்கத்தில் இருந்தவன் தொடையில் தட்டினேன். அடுத்த பாராவைப் படித்தேன். கையில் எடுத்த சோறு அப்படியே நின்றுவிட்டது.

உத்தரவுகளின் தொடக்கத்தில், எந்தெந்தக் காகிதத்தை வைத்து முடிவெடுத்தார்கள் என்று ஒரு பட்டியல் போடுவார்கள். அதில் ஐந்தாவதாக என் கடிதம் இருந்தது, என் பெயரோடு. பாரா இப்படிப் போனது: ஐந்தாவது கடிதத்தின்படி, முத்தாரம்மாள் என்பவர் கடந்த ஆறு வருடமாகத் தன் பெயரில் உள்ள வராந்தாவைச் சுத்தம் செய்யவில்லை என்று தெரியவருகிறது. தவறான பரப்பளவைக் காட்டி அவர் வரிசையில் இருந்துவந்திருக்கிறார். எனவே அவருடைய சீனியாரிட்டி கடிதத் தேதியான பிப்ரவரி பன்னிரண்டிலிருந்து மட்டுமே கணக்கிடப்படும். ஜூன் மாத ஒழிவுக்கு வரிசையில் அடுத்தவரான சபீனாவின் பெயர் பரிந்துரைக்கப்படுகிறது.

மூன்று தடவை படித்தேன். இருபத்திரண்டு வருடம் போய் இரண்டரை மாதம் ஆகிவிட்டது. வரிசையின் தலையில் நின்றவர் வாலுக்குப் போய்விட்டார். இனி அவருடைய முறை வருவதற்குள் வயது தாண்டிவிடும். பென்ஷன் என்பது இனி இல்லை. போதாததற்கு ஆறு வருடம் வேலை செய்யாமல் ஏமாற்றியவர் என்று பெயர். அதை எழுதியது கமிட்டியா? நான்தானே எழுதினேன், நல்ல கையெழுத்தில்.

மாநிலச் செயலாளருக்குப் போன் போட்டேன். "உன்னை யாரப்பா எழுதச் சொன்னது?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். கடைசியில் அவரே இரக்கப்பட்டு, அப்பீல் கொடு, ஹியரிங் கேள் என்றார்.

மறுநாள் காலையில் முத்தாரம்மாளிடம் சொன்னேன். படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டார். ஜூன் போய்விட்டது என்றும் சொன்னேன். அந்த வரியை மட்டும் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"ஆறு வருஷமா நான் பெருக்கலியா?" என்றார்.

நான் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க வாசிச்சப்ப இது இல்லியே அண்ணாச்சி."

"இல்லதான். நான் விட்டுட்டேன்."

என்னைத் திட்டுவார், குறைந்தபட்சம் அழுவார் என்று நினைத்தேன். வாரியலை எடுத்துக்கொண்டு எழுந்தார். தன் பெயரில் இல்லாத வராந்தாவின் மேற்கு மூலைக்குப் போய்ப் பெருக்கத் தொடங்கினார்.

அன்றிலிருந்து தினமும் அதுவே. ஆறு மணிக்கு வந்து வராந்தா முழுக்கப் பெருக்கிவிட்டுத்தான் உள்ளே போவார். ஏழு மணிக்கு சபீனா வருவாள். காகிதத்தில் அது அவளுடைய இடம், பெருக்காமல் இருந்தால் யாராவது எழுதிப்போடுவார்களோ என்று பயம். சுத்தமாகக் கிடக்கும் தரையை அவள் இன்னொரு தடவை பெருக்குவாள். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. அந்த ஒரு மாதம் அந்த வராந்தாவில் ஒரு சருகு கிடையாது. நான் அங்கே காலை வைக்கவே கூசி, பின்வாசல் வழியாக ஆபீசுக்குப் போனேன்.

சபீனா ஒரு நாள் என் மேஜைக்கு வந்தாள். "அண்ணா, எனக்குப் பயமா இருக்கு. அக்காட மூஞ்சியப் பாக்க முடியல. கடிதம் பொய்யின்னு ஆயிட்டா எனக்கு முந்நூத்தி முப்பத்தெட்டுதான். நேரே ஏஜென்சி. அவங்க நாளைக்கி வர வேண்டாம்னு சொன்னா தீர்ந்துது. ரெண்டு பிள்ளைய வச்சிட்டு நான் எங்க போவேன்?" என்றாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

விஷயம் இவ்வளவுதான். நான் எழுதியது பொய் என்று ஒப்புக்கொண்டால், முத்தாரம்மாளுக்கு வராந்தாவும் இருபத்திரண்டு வருடமும் திரும்பக் கிடைக்கும். சபீனா ஏஜென்சிக்குப் போவாள். ஃபைலில் பொய் எழுதிய குற்றத்துக்கு என்னைச் சஸ்பெண்ட் செய்வார்கள். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது சஸ்பென்ஷன் என்றால் என் பென்ஷனே இழுபறிதான். ஒப்புக்கொள்ளாவிட்டால் முத்தாரம்மாளின் பென்ஷன் மட்டும் போகும்.

ஹியரிங்குக்கு முந்தின நாள் முத்தாரம்மாள் என்னைத் தேடி வந்தார். "நாளைக்கி நான் என்ன பேசணும் அண்ணாச்சி?"

"நீங்க ஒண்ணும் மிண்டாண்டாம். நான் பேசிக்கிடுதேன். நான் எழுதுனது கள்ளம்னு நானே சொல்லுதேன். சபீனாவுக்கு வேற வழி பாக்கலாம், சங்கம் இருக்குல்லா. எனக்கு என்ன வந்தாலும் வரட்டு."

சத்தியமாக அப்போது அப்படித்தான் நினைத்தேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "செரி" என்றார்.

ஹியரிங் டெபுடி ரெஜிஸ்ட்ராரின் அறையில் நடந்தது. நல்ல குணமான அம்மாள், எங்களை உட்காரச் சொன்னார்கள். ஒரு பக்கம் ஷாஜியும் மாளவிகாவும். இந்தப் பக்கம் சபீனா, நடுவில் முத்தாரம்மாள், ஓரத்தில் நான். முத்தாரம்மாள் ஜூனுக்கென்று எடுத்து வைத்திருந்த சேலைகளில் ஒன்றைக் கட்டி வந்திருந்தார். நீலக் கரை வைத்த வெள்ளை காட்டன். கஞ்சி போட்டு மடித்த மடிப்பு அப்படியே நின்றது.

மாளவிகா அளவுகளைப் படித்தாள். வராந்தாவை அளக்கும்போது கூட வந்தது முத்தாரம்மாள்தான் என்று அவளாகவே சொன்னாள். எத்தனை வீச்சு என்றுகூட அவருக்குத் தெரிந்திருந்தது என்றாள். ஷாஜி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். டெபுடி ரெஜிஸ்ட்ரார் என் கடிதத்தை எடுத்து மேஜைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார்கள்.

"இது உங்கள் கையெழுத்தா, தாணு?"

"ஆமா மேடம்."

"இந்த ஆறு வருடம் என்ற வரி உண்மையா? யோசித்துச் சொல்லுங்கள். உண்மையில்லை என்றால் முத்தாரம்மாளைப் பற்றிய உத்தரவை இன்றைக்கே திருத்திவிடலாம். எழுதியவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டிவரும், அது வேறு விஷயம்."

மலையாளத்தில், பொறுமையாக, ஒவ்வொரு சொல்லாகத்தான் கேட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். பதினாறு வருடம் வைஸ் சான்சலர் காரை மறித்த வாய் அது. 'இல்லை மேடம்' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஓரக்கண்ணில் சபீனா குனிந்திருப்பது தெரிந்தது. அவளுக்காகத்தான் தயங்கினேன் என்று இங்கே எழுதிவிடலாம், யார் வந்து கேட்கப்போகிறார்கள். ஆனால் அது பொய். அந்த நேரம் எனக்கு சபீனாவும் இல்லை, முத்தாரம்மாளும் இல்லை. சஸ்பென்ஷன் ஆர்டரைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுப் படியேறுகிற என்னைத்தான் பார்த்தேன். பயம், வெறும் பயம்.

"சரிதான் மேடம்" என்றார் முத்தாரம்மாள். "அதில எழுதினது சத்தியம்தான். ஆறு வருஷமா சபீனாதான் பெருக்குகா. நான் பெருக்கல்ல."

நான் திரும்பிப் பார்த்தேன். என் வாய் இன்னும் திறந்துதான் இருந்தது. சபீனா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். மாளவிகா எதையோ சொல்ல வந்து, டெபுடி ரெஜிஸ்ட்ராரின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அந்த அம்மாளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு பேனாவை எடுத்து, முத்தாரம்மாள் சொன்னதை எழுதி அவரிடம் நீட்டினார்கள். படிக்கத் தெரியாத மலையாளத்தின் கீழே அவர் இரண்டாவது தடவையாக ஒப்புப் போட்டார்.

வெளியே படிக்கட்டில் ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். "ஏன் இப்படிச் செஞ்சிய முத்தாரம்மா? நான் பேசுதேன்னுதானே சொன்னேன்" என்றேன். அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலேயே சொன்னார். "நீங்க பேசுவீங்கன்னுதான் பாத்துட்டு இருந்தேன். செவுத்துல கடிகாரம் இருந்துது. பெரிய முள்ளு ஒரு கோட்டுலேருந்து அடுத்த கோட்டுக்குப் போச்சு. நீங்க பேசல. பெறகுதான் நான் சொன்னேன்."

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"சபீனா போவும், நீங்களும் போவீங்க. அது எனக்குத் தெரியாதா? வீட்டுலேருந்து வரும்பவே, விட்டுக் குடுத்துரலாம்னுதான் வந்தேன். நீங்க பேசியிருந்தா நானே தடுத்திருப்பேன்." ஒரு செருப்பின் வார் மாட்டவில்லை. குனிந்து சரிசெய்தார். "ஆனா நீங்க பேசணும்லா அண்ணாச்சி. ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்."

இறங்கிப் போய்விட்டார். ஷாஜி வந்து தோளைத் தொட்டபோது அவன் கையைத் தட்டிவிட்டேன்.

ஜூன் மூன்றாம் தேதி சபீனா முழுநேர அட்டெண்டண்டாகச் சேர்ந்தாள். சேர்ந்த அன்று முத்தாரம்மாளின் காலைத் தொட்டாள் என்று சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. நான் இன்னும் யூனிட் செக்ரட்டரிதான். ராஜினாமா எழுதி இரண்டு மாதமாகப் பையில் வைத்திருக்கிறேன்.

சபீனா போனதும் அவள் பெருக்கிய இடத்துக்கு ஆள் இல்லாமல் போயிற்று. போன வாரம் ஒரு குறிப்பு வந்தது. வேறு ஏற்பாடு ஆகும்வரை முன்பக்க வராந்தாவை முத்தாரம்மாளே கூடுதலாகப் பெருக்க வேண்டும் என்று. படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. அவருடையது இல்லை என்று பிடுங்கிக்கொண்ட வராந்தாவை, சீனியாரிட்டி எதுவும் கொடுக்காமல் வேலைக்கு மட்டும் அவர் தலையிலேயே கட்டுகிறார்கள். இதை விடக் கூடாது என்று காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கே முன்வாசலுக்குப் போனேன்.

மழை பெய்து ஓய்ந்திருந்தது. மரம் முழுக்கக் கொட்டியிருந்தது. அவர் மேற்கு மூலையிலிருந்து பின்னோக்கி வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிற்கவில்லை.

"முத்தாரம்மா, இது அநியாயம். கூடுதல் வேலை தர அவங்களுக்கு அதிகாரம் கெடையாது. நான் இப்பவே ஒரு புகார் எழுதுதேன். நீங்க ஒரு ஒப்பு போட்டா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

வாரியல் நின்றது. அவர் என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"நீங்க ஒண்ணும் எழுதாண்டாம் அண்ணாச்சி" என்றார். "கால எடுங்க, அந்த எடம் பெருக்கணும்."

நான் காலை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.